நிலாவுக்கு மடோகா காட்டலாமா? (கசின்ஸ் குரூப், சனிக்கிழமை ராத்திரி)

சுபா அக்கா: கார்த்தி, மது, ஒரு சந்தேகம். நிலா கார்ட்கேப்டர் சகுரான்ற ஜப்பான் அனிமே 70 எபிசோடும் முடிச்சிட்டா. அடுத்து மடோகா மேஜிகா வேணுமாம். போஸ்டர்ல பிங்க் கவுன், ரிப்பன், பூனை மாதிரி ஒரு பொம்மை. 13 வயசுக்கு ஓகேதானே?

மது: அக்கா, அந்த போஸ்டரை மட்டும் நம்பாதீங்க

விக்கி: _இந்தச் செய்தி நீக்கப்பட்டது_

சுபா அக்கா: படிச்சிட்டேன் விக்கி. பூனைதான் வில்லனா?

விக்கி: சாரிக்கா 🙈

கார்த்தி: நிலா இந்த குரூப்ல இல்லைல்ல?

சுபா அக்கா: இல்ல. எனக்குக் கதை தெரிஞ்சா பரவால்லடா. உள்ள என்ன இருக்குன்னு முழுசா சொல்லுங்க.

கார்த்தி: சரி. 2011 ஜனவரில ஆரம்பிச்ச சீரிஸ், ஷாஃப்ட் ஸ்டூடியோ, 12 எபிசோடுதான். ஷின்போ டைரக்‌ஷன், கதை கென் உரோபுச்சி. விளம்பரம் எல்லாம் வழக்கமான மந்திரப் பெண் கதை மாதிரியேதான் வந்துச்சு. முகம் வரைஞ்சது ஆவோக்கி உமே. உருண்டை கன்னம், அகலக் கண்ணு. அந்த முகத்தை வச்சுத்தான் ஏமாத்துவாங்க.

கார்த்தி: இது பேர் வாங்குனது சோகமா இருக்கறதால இல்ல. இந்த மாதிரி கதைல எப்பவும் ஒரு குட்டிப் பிராணி வந்து பொண்ணுக்கு சக்தி குடுக்கும். அதுக்கு என்ன லாபம்னு யாரும் கேக்கறதில்ல. சகுராவுல கேரோவை யாராவது கேட்டாங்களா? உரோபுச்சி அதை மட்டும் கேட்டுட்டு, வரவு செலவு முழுக்க எழுதிட்டார்.

மது: கணக்கு இதுதான் அக்கா. போஸ்டர்ல இருக்கற அந்தப் பூனைதான் க்யூபே. அது ஒரு ஆசையை நிறைவேத்தும். பதிலுக்கு உயிரை உருவி ஒரு கல்லுல வச்சிடும், அதுதான் சோல் ஜெம். மந்திரம் செலவாக ஆக கல்லு கறுக்கும், மனசு உடைஞ்சாலும் கறுக்கும். சூனியக்காரியைக் கொன்னா கிடைக்கிற கிரீஃப் சீடை வச்சுத்தான் வெளுக்கணும். முழுசா கறுத்தா அந்தப் பொண்ணே சூனியக்காரி ஆயிடுவா. அப்போ வெளிவர்ற சக்திதான் க்யூபேவுக்கு வேணும்.

சுபா அக்கா: அடப்பாவி. முதல்லயே சொல்லாம ஏமாத்திடுதா?

மது: பொய்யே சொல்லாது! கேட்டா பதில் சொல்லும், கேக்காததை வாயே திறக்காது. கோபமும் படாது.

ராஜி அத்தை: எல்லாரும் சாப்டாச்சா 🌹🙏

கார்த்தி: ஆச்சு அத்தை 🙏

சுபா அக்கா: எந்த எபிசோட்ல என்ன இருக்கு? நான் பக்கத்துல உக்காரணுமா?

கார்த்தி: உக்காருங்க. 3ல மாமிங்கற மந்திரப் பெண் சாவு. கிட்டக்க காட்ட மாட்டாங்க, தூரத்துல நிழல் மாதிரிதான், ஆனா தலை போகுதுன்னு தெரியும். 4ல சூனியத்துல மாட்டுன ஒரு கூட்டம் சேர்ந்து தற்கொலைக்கு முயற்சி பண்ணும். 7ல க்யோகோன்னு இன்னொரு மந்திரப் பெண்ணோட அப்பா குடும்பத்தையே கொன்னுட்டு சாவறது, பழைய கதையா வரும். 8ல ரயில்ல ரெண்டு ஆளுங்க பொண்ணுங்களைப் பத்திக் கேவலமா பேசுவாங்க. 9ல ரெண்டு பேர் போயிடுவாங்க. ஆபாசக் காட்சி எதுவும் இல்ல. கனமான விஷயம் 4ம் 7ம்தான். அன்னிக்கு அவளைத் தனியா விடாதீங்க.

விக்கி: 3வது ஏன் அவ்ளோ அடிக்குது தெரியுமாக்கா? மாமிக்குன்னு தனியா கோரஸோட ஒரு இசை இருக்கு, யூகி கஜியூரா போட்டது. எந்த அனிமேலயும் அப்படி ஒரு இசை ஓடினா அந்த ஆளு ஜெயிப்பான்னு நம்ம காது பழகிடுச்சு. இங்க அதை ஓடவிட்டு, இனிமே நான் தனி ஆள் இல்லன்னு அவளை சந்தோஷப்பட வச்சு, அதுக்கப்புறம்தான் சாகடிப்பாங்க. இதே சாவு 1வது எபிசோட்ல வந்திருந்தா சும்மா அதிர்ச்சி, அவ்ளோதான்.

மது: அதனால 1, 2, 3 மூணையும் ஒரே நாள்ல பாக்கணும், எல்லாம் சேர்த்து 70 நிமிஷம் சொச்சம். 2வதோட நிறுத்தினா "குழந்தைங்க படம்"னு மூடிடுவா.

மது: அப்புறம் 4லேர்ந்து 7 ஒரு நாள், 8ம் 9ம் ஒரு நாள், 10-11-12 ஒரே மூச்சுல. 10 முடிஞ்சு ஒரு வாரம் விட்டா சூடு ஆறிடும். டிவில வந்தப்போ அப்படித்தான் ஆச்சு. 10 வந்த கொஞ்ச நேரத்துல, மார்ச் 11 ஜப்பான் பூகம்பம். 11ம் 12ம் ஏப்ரல் கடைசிலதான் வந்துச்சு.

கார்த்தி: முக்கியமானது: ஓப்பனிங் பாட்டைத் தாண்டவே கூடாது. ஸ்கிப் பட்டனை அமுக்கினா பாதி விளையாட்டு போச்சு. அந்தப் பாட்டுல நாயகி மடோகா மந்திரப் பெண்ணா உருமாறுவா. கதைல 9 எபிசோட் ஆகியும் உருமாறவே மாட்டா. என்னடா இதுன்னு தோணும். 10ல அதே பாட்டு ஆரம்பத்துல வராம கடைசில வரும். அப்பதான் தெரியும், வாக்குக் குடுத்துப் பாடறது மடோகா இல்ல, இன்னொரு மந்திரப் பெண் ஹோமுரான்னு. ஒரு எழுத்தும் மாறல, பாடற ஆள் மாறிட்டா.

சுபா அக்கா: புல்லரிக்குதுடா. வேற என்ன கவனிக்கணும்?

கார்த்தி: 1.5 வேகத்துல பாக்க விடாதீங்க. சூனியக்காரியோட உலகம் வர்றப்போ திடீர்னு வெட்டி ஒட்டின காகிதம், துணி, பழைய படம்னு மாறும். அது கெகிடான் இனு கரிங்கற டீம் தனியா பண்ணினது. அந்த உருண்டை முகப் பொண்ணுங்க அதுக்குள்ள நிக்கறப்போ, வேற படத்துக்குள்ள வழி தவறி வந்த மாதிரி இருக்கணும். வேகமா ஓட்டினா கண்ணுல சும்மா குப்பைதான் தெரியும்.

மது: சினிமாவும் இருக்கு, குழம்பிடாதீங்க. 2012ல வந்த ரெண்டு படம் இதே 12 எபிசோடை வெட்டிச் சேர்த்தது. முதல் தடவைக்கு வேண்டாம், எபிசோட் முடியற இடத்து அடி எல்லாம் அதுல கரைஞ்சு போயிடும். 2013 ரெபெல்லியன்தான் புதுக்கதை. சீரிஸ் பாக்காம அதைப் போட்டா ஒண்ணும் புரியாது. கேரக்டர் பேரைத் தேடவும் விடாதீங்க, மாமின்னு அடிச்சாலே முடிஞ்சுது.

விக்கி: அப்படியே மேஜிக்கல் கேர்ள் ரெய்சிங் ப்ராஜெக்ட், மேஜிக்கல் கேர்ள் சைட்டும் போடலாமே

கார்த்தி: போடா. சைட் பக்கமே போகாதீங்க அக்கா, கொடுமையைக் காட்டறதுக்குன்னே எடுத்தது. ரெய்சிங் ப்ராஜெக்ட்ல 16 பேர்ல ஒவ்வொருத்தரா சாவாங்க, ஆனா மந்திரப் பெண் கதையோட எந்த விதியையும் அது தொடல. கவுனைக் கழட்டிட்டு வேற சாவுப் போட்டிக் கதையா மாத்தினாலும் அப்படியே நிக்கும். மடோகாவுல கவுனை எடுத்தா கதையே கிடையாது.

விக்கி: அப்போ ரோபோ பக்கம் இவாஞ்சலியன். 1995. ரோபோன்னா சக்தி தீராதுன்னு இருந்ததை, முதுகுல கரண்ட் கேபிள் சொருகி விட்டாங்க. பிடுங்கினா உள் பேட்டரி 5 நிமிஷம், முழு வேகத்துல 1 நிமிஷம். ஓட்டற பையன் ஓட்டவே மாட்டேங்கறான்.

கார்த்தி: அது நிலாவுக்கு இன்னும் நாளாகும். உனக்கு வேணும்னா 26 எபிசோடையும் பாத்துட்டு 1997 எண்ட் ஆஃப் இவாஞ்சலியன் பாரு. 25, 26 மொத்தமும் மனசுக்குள்ளயே நடக்கும், அதைத் தாண்டிட்டு நேரா படத்துக்குப் போறவங்க பாதியில முழிப்பாங்க. 2007லேர்ந்து வந்த நாலு படமும் சுருக்கம் இல்ல. போகப் போக வேற கதை.

சுபா அக்கா: ரோபோ சண்டை அப்புறம். இப்பவே மடோகாவா, இல்ல நடுவுல வேற ஏதாவது காட்டலாமா?

மது: பிரின்சஸ் டூட்டு! 2002, 26 எபிசோட். இதுவும் மந்திரப் பெண் கதையோட விதியை உடைக்கிற கதைதான், ஆனா ரத்தக்களறி கிடையாது. ஒரு வாத்து பொண்ணாகி, அந்தப் பொண்ணு பாலே ஆடற இளவரசி ஆவா. வாத்து மாதிரி கத்தினா திரும்ப வாத்து, தண்ணி பட்டா பொண்ணு. எதிரியை அடிக்க மாட்டா. கைநீட்டி ஆடக் கூப்பிட்டு, மனசுல என்ன வலின்னு கேப்பா. இளவரசனோட உடைஞ்ச இதயத்தைத் துண்டு துண்டா சேக்கறா, ஆனா அவன்கிட்ட காதலைச் சொன்னா ஒளிப்புள்ளியா மறைஞ்சிடுவா. கதையை எழுதறது செத்துப்போன ஒரு எழுத்தாளர், அவருக்கு சோகம்தான் பிடிக்கும். அவர் எழுதினதை எதிர்த்து கேரக்டருங்களே நிக்கறதுதான் பின்பாதி.

கார்த்தி: சீஃப் டைரக்டர் ஜுனிச்சி சாதோ, சைலர் மூன் முதல் சீசன் பண்ணினவர். விதியை வச்சவங்கள்ல ஒருத்தரே அதைத் திருப்பிப் போட்டிருக்கார். முதல் மூணு நாலு எபிசோட் சின்னப்பிள்ளைத்தனமா தோணும். பாலே வாத்தியார் ஒரு பூனை, கல்யாணம் பண்ணிக்கோன்னு மிரட்டிட்டே இருக்கும். அதுக்காக நிறுத்திடாதீங்க.

சுபா அக்கா: சரி, நாளைக்கு டூட்டு. மடோகா பரீட்சை லீவுல, நான் பக்கத்துல இருக்கறப்போ. அந்த ஸ்கிப் பட்டன் தானா அமுங்காம இருக்க என்ன பண்ணணும்?

மது: நம்மளா அமுக்காம அது பெரும்பாலும் தாண்டாதுக்கா. அடுத்த எபிசோட் தானா ஓடறதைத்தான் அணைக்கணும், செட்டிங்ஸ்ல ஆட்டோப்ளேன்னு இருக்கும். 3ம் 9ம் முடியறப்போ கடைசிப் பாட்டு முழுக்க ஓடட்டும்.

ராஜி அத்தை: வாத்துப் படம் எதுல வருது? நானும் பாக்கறேன்