முன்பதிவு வெப்ஹூக்: வரிசை மாறி வரும் நிகழ்வுகளைக் கையாளுவது எப்படி?

வணக்கம். எங்கள் பயண முகவர் அலுவலகத்தின் மென்பொருளை ஒரு விமானச் சீட்டு முன்பதிவுத் தளத்துடன் வெப்ஹூக் (முன்பதிவில் ஒரு நிகழ்வு நடந்ததும் தளம் தானாகவே நமக்கு அனுப்பும் செய்தி) வழியாக இணைத்து வருகிறேன். ஜேசன் என்ற தரவு வடிவமாகப் பிரிக்கும் முன்பே, வந்த தரவை அப்படியே எடுத்து எச்மேக் எஸ்எச்ஏ-256 கையொப்பத்தை (செய்தி அத்தளத்திலிருந்தே மாறாமல் வந்தது என்று காட்டும் குறியீட்டை) சரிபார்க்கிறேன், அதில் குறையில்லை. நிகழ்வு எண்ணைச் சேமித்து வைப்பதால் ஒரே செய்தி மீண்டும் வந்தாலும் சமாளிக்க முடிகிறது. ஆனால் சில வேளைகளில் ‘ரத்து’ முதலிலும் ‘உறுதி’ பின்னரும் வந்து சேர்வதால், ரத்தான சீட்டு உறுதியானதாகப் பதிவாகிவிடுகிறது. அதை நம்பிப் பயணி எவரும் விமான நிலையம் வரை சென்று திரும்ப நேரக் கூடாது என்பதே என் கவலை.

நிகழ்விலுள்ள நேரமுத்திரையை மட்டும் நம்பலாமா, அல்லது ஒவ்வொரு முறையும் முன்பதிவின் தற்போதைய நிலையை ஏபிஐ (மென்பொருள் தளத்திடம் நேரடியாகத் தரவு கேட்கும் வழி) மூலம் கேட்டறிவதுதான் சரியா? இரண்டாவது வழியே நம்பகமானதாகத் தோன்றினாலும், கோரிக்கை வரம்பை (குறிப்பிட்ட நேரத்துக்குள் எத்தனை முறை கேட்கலாம் என்ற கட்டுப்பாட்டை) எண்ணித் தயங்குகிறேன். இத்தகைய இணைப்பைச் செய்து அனுபவம் பெற்றவர்கள் அன்புகூர்ந்து வழிகாட்டுங்கள்.