முதல் சிறுகதைத் தொகுப்பைச் சென்னைப் புத்தகக் காட்சிக்குள் கொண்டுவந்தே ஆக வேண்டுமா?

கேள்வி: பொருநைக்கரை, பாளையங்கோட்டை

அனைவருக்கும் வணக்கம். சிற்றிதழ்களிலும் இணைய இதழ்களிலும் வெளிவந்த என் சிறுகதைகளைத் தொகுத்து வெளியிட ஒரு பதிப்பகம் முன்வந்துள்ளது. இதுவே என் முதல் நூல். நவம்பர் பாதி கடந்துவிட்டது. பக்க வடிவமைப்பு தொடங்கவில்லை, மெய்ப்பு (அச்சுக்கு முந்தைய பிழைதிருத்தம்) பார்க்கப்படவில்லை, அட்டையும் முடிவாகவில்லை. ஆயினும், ஜனவரியை ஒட்டி நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சி தொடங்கும் நாளில் நூல் அரங்கில் இருந்தாக வேண்டும் என்றும், அதைத் தவறவிட்டால் ஓராண்டு வீணாகிவிடும் என்றும் பதிப்பாளர் வற்புறுத்துகிறார். எனக்கோ இரண்டு கதைகளின் முடிவைத் திருத்தி எழுத வேண்டும் என்ற எண்ணம் இருக்கிறது. காட்சிக்கு நூல் வருவதால் ஒரு புதிய எழுத்தாளருக்கு உண்மையில் கிடைப்பது என்ன, வராவிட்டால் அவர் இழப்பது என்ன என்பதைத் துறையில் இருப்பவர்கள் விளக்கினால் முடிவெடுக்க உதவியாக இருக்கும்.

பதில்: மெய்ப்பு நோக்குநர்

வணக்கம். பதிப்பகங்களுக்கு மெய்ப்பு பார்த்துக் கொடுப்பது என் தொழில் என்பதால், டிசம்பர் மாதம் எப்படி நடக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன். சென்னையில் தமிழ் நூல்களை வடிவமைப்பவர்கள், மெய்ப்பு பார்ப்பவர்கள், அச்சகத்தார், கட்டுநர் எல்லோரும் ஏறக்குறைய ஒரே வட்டத்தினர். எல்லாப் பதிப்பகங்களின் வேலையும் ஒரே ஐந்தாறு வாரங்களில் அவர்கள் மேசைக்கு வருகிறது. பெயர்பெற்ற எழுத்தாளரின் நாவலுக்கு முன்பதிவு அறிவித்திருப்பார்கள், ஆகவே அது முந்திச் செல்லும். புதியவரின் தொகுப்பு கடைசியில் நிற்கும், இரண்டு மெய்ப்பு பார்க்க வேண்டிய இடத்தில் ஒன்றோடு அச்சுக்குப் போகும்.

சிறுகதைத் தொகுப்பில் இதன் பாதிப்பு அதிகம். வெவ்வேறு இதழ்களில் வந்த கதைகள் வெவ்வேறு எழுத்துருக்களில் இருக்கும். அவற்றை ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றும்போது சில எழுத்துகள் சத்தமில்லாமல் மாறிவிடும். ஒவ்வோர் இதழும் ஒற்றுப் போடுவதில் தனக்கென ஒரு வழக்கம் வைத்திருப்பதால், தொகுப்பாகப் படிக்கையில் ஒரே நூலில் நான்கு விதமான எழுத்துமுறை தெரியும். நீங்களே திருத்தி எழுதிய கதையில் பாத்திரத்தின் பழைய பெயர் ஏதோ ஒரு பத்தியில் எஞ்சியிருக்கும். இவற்றைப் பிடிக்க, வடிவமைத்த பக்கங்களைத் தாளில் எடுத்து, ஆசிரியர் ஒரு முறையும் வேறொருவர் ஒரு முறையும் நிதானமாக வாசிப்பதைத் தவிர வேறு வழியில்லை. நவம்பர் முடிவதற்குள் வடிவமைத்த பக்கங்கள் உங்கள் கைக்கு வரவில்லையென்றால், தயங்காமல் மறுத்துவிடுங்கள். முடிவு சரியில்லை என்று ஆசிரியரே கருதும் கதையை எந்தக் காட்சிக்காகவும் அச்சேற்றக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

பலரும் கவனிக்காத ஒன்றும் உண்டு. தமிழ் வளர்ச்சித் துறை வழங்கும் சிறந்த நூல் பரிசு, குறிப்பிட்ட நாட்காட்டி ஆண்டில் முதற்பதிப்பாக வெளிவந்த நூல்களையே ஏற்கிறது. அவசரத்தில் டிசம்பர் என்று அச்சிட்டால், நூல் யாருடைய கைக்கும் போய்ச் சேருமுன்பே அதன் பரிசுக்குரிய ஆண்டு முடிந்துவிடும்.

பதில்: சிறு பதிப்பாளர்

மேலே சொன்னவை உண்மை. ஆனாலும் உங்கள் பதிப்பாளரின் பக்கத்தையும் கருத வேண்டும். 1977ஆம் ஆண்டு அண்ணா சாலையில் உள்ள மதரசா-ஐ-ஆசம் பள்ளியில் 22 அரங்குகளோடு பபாசி (தென்னிந்தியப் புத்தக விற்பனையாளர், பதிப்பாளர் சங்கம்) தொடங்கிய காட்சி, அண்மை ஆண்டுகளில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. திடலில் சுமார் 900 அரங்குகளாக வளர்ந்து நிற்கிறது. அதே காலத்தில் ஊர்களில் இலக்கிய நூல்களை அடுக்கி வைத்து விற்கும் கடைகள் பெருகவில்லை. பொங்கல் விடுமுறையும், வெளிநாட்டில் வாழ்வோர் ஊருக்கு வரும் பருவமும், பத்து விழுக்காட்டுத் தள்ளுபடியும் ஒன்றுசேர்வதால், அச்சகத்துக்கும் தாள் கடைக்கும் வைத்திருக்கும் பாக்கியை எங்களைப் போன்றவர்கள் அடைப்பது பெரும்பாலும் அந்த விற்பனையில்தான். அவர் அவசரப்படுவதைப் பேராசை என்று எண்ண வேண்டாம்.

ஆனால் அவருக்குப் பயன்படும் ஜனவரி உங்களுக்கும் அதே அளவு பயன்படும் என்று நான் நம்பவில்லை. காட்சிக்கு வரும் தீவிர வாசகர்களில் பெரும்பாலோர் வாங்க வேண்டிய நூல்களைக் குறித்துக்கொண்டுதான் வருகிறார்கள். அந்தக் குறிப்பில் இடம்பெற நூலைப் பற்றி யாராவது முன்பே எழுதியிருக்க வேண்டும். அச்சகத்திலிருந்து ஈரம் காயாமல் வரும் நூலைப் பற்றி யார் எழுதுவார்கள்?

அதோடு, ஜனவரி மாறாத விதியும் அல்ல. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு காட்சி 2016 ஜூன் மாதம் தீவுத்திடலில் நடந்தது. பெருந்தொற்றுக் காலத்தில், 2021, 2022 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் பிப்ரவரி, மார்ச் மாதங்களுக்குத் தள்ளிப்போனது. அப்போதும் வாசகர்கள் வந்தார்கள். இன்று மாவட்டந்தோறும் புத்தகத் திருவிழா நடக்கிறது. உங்கள் ஊரிலேயே பொருநை நெல்லை புத்தகத் திருவிழா இருக்கிறது. ஈரோட்டில் மக்கள் சிந்தனைப் பேரவை 2005 முதல் ஆகஸ்ட் மாதத்தில் நடத்தும் திருவிழாவுக்கு மேற்கு மாவட்ட வாசகர்கள் குடும்பத்தோடு வருகிறார்கள். மார்ச் மாதம் நூலைக் கொண்டுவந்து, மதிப்புரைக்குப் படிகள் அனுப்பி, மாவட்டத் திருவிழாக்களில் விற்று, அடுத்த ஜனவரியில் ஓரளவு அறிமுகமான நூலாகச் சென்னைக்குக் கொண்டுசெல்வதே முதல் நூலுக்கு ஏற்ற வழி என்று எனக்குத் தோன்றுகிறது.

பொருநைக்கரை

இருவருக்கும் மிக்க நன்றி. மார்ச் மாதம் என்று கேட்டால் பதிப்பாளர் வருந்தி நூலையே கைவிட்டுவிடுவாரோ என்ற அச்சம் ஒன்றுதான் தடுக்கிறது.

பதில்: சிறு பதிப்பாளர்

காலந்தாழ்த்துங்கள் என்று பொதுவாகச் சொன்னால் வருந்தக்கூடும். திருத்திய கதைகளை இந்தத் தேதிக்குள் தருகிறேன், இரண்டாம் மெய்ப்பை இத்தனை நாளில் படித்துத் திருப்புகிறேன், நெல்லைத் திருவிழாவில் அரங்கில் உடனிருக்கிறேன் என்று நாள் குறித்து எழுதிக் கொடுங்கள். டிசம்பர் நெரிசலில் ஒரு நூல் குறைவது அவருக்கும் ஆறுதலாகவே இருக்கும். ஒத்துக்கொள்ளவில்லையென்றால், தேவைக்கேற்ப அச்சிடும் முறையில் காட்சிக்கு மிகக் குறைந்த படிகள் மட்டும் அச்சிடலாமா என்று கேட்டுப் பாருங்கள். பிழைகள் தெரிந்தால் அடுத்த அச்சில் திருத்திவிடலாம். ஆனால் கதைகளின் முடிவை மாற்றப்போகிறீர்கள் என்றால் இந்த வழி உங்களுக்குப் பொருந்தாது.

பதில்: ஈரோட்டு வாசகி

நான் எழுதுபவள் அல்ல, வாங்கிப் படிப்பவள். அறியாத பெயர் கொண்ட ஒரு தொகுப்பை அரங்கில் கையில் எடுத்தால், முன்னுரையைப் புரட்டாமல் முதல் கதையின் முதல் பக்கத்தை நின்றபடியே படிப்பேன். அதில் இரண்டு எழுத்துப்பிழைகள் கண்ணில் பட்டால் நூலை வைத்துவிடுவேன், ஏனெனில் எழுதியவரும் அச்சிட்டவரும் அக்கறை காட்டாத நூலில் என் நேரத்தைச் செலவிட மனம் வருவதில்லை. ஆகவே எந்த மாதத்தில் வந்தாலும், உங்களுக்கு முழு நிறைவு தரும் கதையை முதலில் வையுங்கள். நூல் வந்த பிறகு அரங்கில் நிற்க விரும்பினால் ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்த்து வார நாளின் பிற்பகலில் நில்லுங்கள். கூட்டம் குறைந்த அந்த நேரத்தில்தான் எங்களால் எழுத்தாளரிடம் நின்று பேச முடிகிறது. ஆகஸ்டில் ஈரோட்டுக்கு வந்தால் அவசியம் வந்து பார்க்கிறேன்.