ரூம்மேட் தூக்க மாத்திரையை விடமாட்டேங்கிறான், பிடுங்கிக் கொட்டிடலாமா?

பாலக்கோட்டான்:
தர்மபுரியில் பிஜி படிக்கிறேன், நாலு பேர் சேர்ந்து ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறோம். அதில் ஒருத்தன் போன செமஸ்டர் பரீட்சை சமயத்தில் தூக்கம் வரலைன்னு அல்பிரசோலம் 0.5 போட ஆரம்பித்தான், யாரோ சீனியர் பாதி அட்டை கொடுத்திருக்கிறார். பரீட்சை முடிந்து மார்க்கும் வந்தாச்சு, இவன் இன்னும் ராத்திரி இரண்டு போடுகிறான், ஒன்று போட்டால் தூக்கம் பிடிக்கலையாம். பக்கத்து மெடிக்கலில் சீட்டே கேட்பதில்லை. காலையில் எழுப்பினால் நாக்கு குழறுகிறது, முதல் பீரியடை மறந்தே போய்விட்டான். சனிக்கிழமை ஆனால் பீர் வேறு. இருக்கிற அட்டையை எல்லாம் டாய்லெட்டில் கொட்டிவிடலாம்னு இருக்கோம், சரிதானே?

ஓசூர் ஷிப்ட்:
கொட்டு. அவங்க அப்பாவுக்கும் ஒரு போன் போடு. ரெண்டு அறை விட்டால் தூக்கம் தானா வரும்.

மெடிக்கல் மாமா:
அறை விட்டால் வலிப்பு நிற்குமா? தம்பி, கொட்டாதே. கிருஷ்ணகிரியில் பார்மசிஸ்டாக இருக்கிறேன். தினமும் போட்டுப் பழகின உடம்பில் இதைத் திடீரென நிறுத்தினால் கை நடுங்கும், இருக்கிற தூக்கமும் போகும், சிலருக்கு வலிப்பே வந்துவிடும். டாக்டர் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் நிறுத்தணும். உடனே நிறுத்த வேண்டியது பீரைத்தான். இரண்டும் மூளையை மந்தமாக்குகிற சமாச்சாரம், சேர்ந்தால் தூக்கத்திலேயே மூச்சு அடங்கிப்போகலாம். அந்தக் கடைக்காரர் செய்வது சுத்தமாகத் தப்பு. இது எச்1 அட்டவணை மருந்து, அதாவது டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கவே கூடாத வகை, எழுதிய டாக்டர் பேர், நோயாளி பேர், எத்தனை மாத்திரை கொடுத்தோம் என்று தனி நோட்டில் ஏற்றி மூன்று வருஷம் வைத்திருக்கணும், 2014 மார்ச்சிலிருந்தே இதுதான் விதி. அட்டையைத் திருப்பிப் பார், சிவப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை இருக்கும். உன் நண்பனுக்கு விற்றதை அவர் எந்த நோட்டில் எழுதினாரோ!

அரூர் அக்கா:
பசங்களுக்குத் தூக்க மாத்திரை என்றால் பொண்ணுங்களுக்குச் சதை போடுற மாத்திரை. எங்க சித்தி பொண்ணை எல்லாரும் ஒல்லி ஒல்லின்னு சொல்லிச் சொல்லியே, அவள் யார் பேச்சையோ கேட்டு டெக்ஸாமெத்தசோன் என்கிற ஸ்டீராய்டு மாத்திரையை வாங்கிப் போட்டாள். கன்னம் உப்பினதும் 'இப்பதான் களையா இருக்கே' என்று அதே சொந்தக்காரர்கள் சொன்னார்கள். ரத்தப் பரிசோதனை பண்ணினால் சர்க்கரை ஏறிக் கிடக்கிறது. அதையும் சட்டென்று நிறுத்தக் கூடாதாம், வெளியிலிருந்தே கிடைப்பதால் உடம்பு அதே மாதிரி ஹார்மோனைத் தானாகச் சுரப்பதைக் குறைத்துக்கொண்டிருக்குமாம். சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். ஜிஹெச்சுக்குக் கூட்டிட்டுப் போய் ஓபி சீட்டு போட்டு மனநல டாக்டரைப் பாருங்க. வெட்கப்பட்டால் முதலில் 14416க்குப் போன் பண்ணச் சொல்லு, டெலி மானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி எண், காசு கிடையாது, ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.

பாலக்கோட்டான்:
கொட்டலை அண்ணா. ஆனால் மனநலம்னு சொன்னதுமே 'நான் என்ன லூசா'ன்னு எகிறுகிறான்.

மெடிக்கல் மாமா:
அந்த வார்த்தையை ஏன் எடுக்கிறே? தூக்கம் வராததுக்கு டாக்டரைப் பார்க்கலாம்னு சொல்லு, அது பொய்யும் இல்லையே. போகும்போது காலி அட்டையைக் கையோடு எடுத்துட்டுப் போ, எத்தனை மில்லிகிராம், எத்தனை நாளாக என்றுதான் முதலில் கேட்பார்கள்.