போட்டோஷாப்பில் 80 லேயர்: பெயர், குரூப் எப்படி வைப்பது?

கேள்வி:
கல்யாண ஆல்பத்தில் ஒரு பக்கத்துக்கே 80 லேயர் (ஒன்றன்மேல் ஒன்றாக வரும் பட அடுக்கு) வருகிறது. எல்லாமே 'லேயர் 12 காப்பி 3' ரகம். பெயர் மாற்ற டபுள் கிளிக் செய்தால் லேயர் ஸ்டைல் பெட்டி திறக்கிறது. மணப்பெண் குரூப்புக்குள் கர்வ்ஸ் (வெளிச்சம், நிறத்தைச் சரிசெய்யும் லேயர்) போட்டால் பின்னணியும் சேர்ந்து மாறுகிறது. என்ன செய்யலாம்?

பதில் 1:
பெயர் எழுத்தின் மேலேயே டபுள் கிளிக் செய்யுங்கள், பக்கத்துக் காலி இடத்தில் வேண்டாம். மாற்றியதும் என்டருக்குப் பதில் டேப் தட்டினால் அடுத்த லேயரின் பெயர் திறக்கும், மளமளவென்று முடியும். முதலில் ஆள், பிறகு வேலை: 'மணப்பெண்_தோல்', 'மணப்பெண்_நகை'. டெக்ஸ்ட் லேயரைத் தொடாதீர்கள். கையால் பெயர் வைத்துவிட்டால், பின்னால் வாசகத்தைத் திருத்தும்போது பெயர் கூடவே மாறாது. லேயர் பேனலின் ஆப்ஷன்ஸில் 'காப்பி' சேர்க்கும் டிக்கையும் எடுத்துவிடுங்கள், பாதி குப்பை அதனால்தான்.

பதில் 2:
கர்வ்ஸ் வெளியே கசிவதற்குக் காரணம், குரூப்பின் பிளெண்ட் மோடு (கீழே உள்ளதோடு கலக்கும் விதம்) 'பாஸ் த்ரூ'வில் இருப்பது. 'நார்மல்' ஆக்குங்கள், குரூப்போடு நின்றுவிடும். ஆனால் உள்ளே 'ஸ்கிரீன்' பிளெண்ட் மோடில் வைத்த ஒளிக்கீற்று இருந்தால் அது பின்னணியோடு கலக்காமல் கறுப்புக் கட்டமாகத் தெரியும். அதை மட்டும் குரூப்புக்கு மேலே இழுத்து வையுங்கள். ஒரே ஒரு லேயருக்குத்தான் கர்வ்ஸ் என்றால் குரூப்பே வேண்டாம். கர்வ்ஸை அதன் மேலே வைத்து கண்ட்ரோல்+ஆல்ட்+ஜி தட்டுங்கள், கீழே உள்ள அந்த லேயர் மட்டும் மாறும்.

பதில் 3:
கண் குறியில் ரைட் கிளிக் செய்து நிறமும் கொடுங்கள். பேனலின் மேலே உள்ள ஃபில்டரில் அந்த நிறத்தை மட்டும் காட்டச் சொல்லலாம். வேலை முடிந்ததும் ஃபில்டரை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் படத்தில் தெரியும் லேயர் பேனலில் இருக்காது, தேடித் தேடி நேரம் போகும்.