கோரிசியா: ரோஸா, வெள்ளையா?

செம்மண்வீடு: கானாடுகாத்தான் வீட்டுப் பின்கட்டுக்கு வெளியே ஒரு மரம் வைக்க இடம் கிடக்கு. நர்சரியில கோரிசியான்னு இலவு சாதி மரம் ரெண்டு காட்டுறாங்க, ரோஸ் பூ, வெள்ளைப் பூ. கன்னு ரெண்டும் ஒரே மாதிரி: பச்சைத் தண்டு, கூம்பு கூம்பா முள். நம்ம ஊர் வெயில் காய்ச்சலுக்கு, வறட்சிக்கு எது தாங்கும்?

தேவகோட்டையான்: ரோஸ்தான். தாவரப் பேரு சேபா ஸ்பீசியோசா; கோரிசியாவை இப்போ சேபாலதான் சேர்த்திருக்காங்க. அஞ்சு இதழும் ஓரத்துல ரோஸ், நடுவுல பால் வெள்ளை, அதுல கருஞ்சிவப்புக் கீத்து. வெள்ளைப் பூ வாடுறப்போ பழுப்பேறி அழுக்குத் துணி மாதிரி தொங்கும்.

ஆச்சிபேத்தி: அண்ணே, அவங்க கேட்டது பூவை இல்ல, காய்ச்சலை. ரோஸோட தாய்வீடு பிரேசில் பக்கம், மழை பெய்யிற காடு. வெள்ளை, அதாவது சேபா கொடாட்டீ, பராகுவே, பொலிவியா, அர்ஜென்டினாவுல கிடக்கிற சாக்கோ வறண்ட காட்டு மரம். அடிமரம் வயிறு வச்சு தண்ணியைத் தேக்கிக்கும்.

தேவகோட்டையான்: ரோஸும்தான் வயிறு வைக்கும். இலை கொட்டின நாள்லயும் பச்சைத் தண்டை வச்சே பிழைச்சுக்கும்.

ஆச்சிபேத்தி: வைக்கும், வெள்ளை அளவுக்கு இல்ல. அதோட ரோஸ் அங்க பூக்குறது இலையுதிர்காலத்துல. நமக்கு அது ஐப்பசி, கார்த்திகை. அந்த மழையில பூ நிக்குமா?

தேவகோட்டையான்: ஏன் தங்கச்சி, மழை வெள்ளைப் பூவை மட்டும் பாத்து விட்டுருமா?

பள்ளத்தூர்நாத்து: ரெண்டு பேரும் லேபிளை நம்பி சண்டை போடுறீங்க. இதுங்க ஒண்ணோட ஒண்ணு சுலபமா கலக்கும். விதைக்கன்னுன்னா என்ன பூன்னு தெரியவே பல வருஷம் ஆகும், இலவு காத்த கிளிதான். சேபாலயே இன்னொரு வகை 'இன்சிக்னிஸ்', அந்தப் பேரை எழுதி விக்கிற வெள்ளை பெரும்பாலும் கொடாட்டீ. அசல் இன்சிக்னிஸ் ஈக்வடார், பெரு மரம். தாய்மரத்துப் பூவைப் பாத்துட்டு ஒட்டுக்கன்னா வாங்குங்க.

கிணத்தடி: நம்ம முள்ளிலவு இருக்கறப்போ எதுக்கு இந்த அலைச்சல்?

தேவகோட்டையான்: அது அசுரனா வளரும். வீட்டுப் பக்கம் ஆகாது.

செம்மண்வீடு: மழை நாள்ல அந்த இடத்துல தண்ணி தேங்கும், சொல்ல மறந்துட்டேன்.

ஆச்சிபேத்தி: அப்போ ரெண்டுமே வேர் அழுகும். சரளை கலந்து மேடு கட்டி வைங்க, சுவரை விட்டு நல்லா தள்ளி. பிள்ளைங்க ஓடுற வழியில வேண்டாம், முள்ளு கன்னத்து உயரத்துலயே இருக்கும்.

தேவகோட்டையான்: மேடு கட்டுங்க. கட்டிட்டு ரோஸை வைங்க.