ஏஏசிஎஸ்பி "உறுப்பினர்" என்றால் அங்கீகாரம் பெற்றதாக அர்த்தமா?

கேள்வி – அம்மாபேட்டை வாசி

தங்கை எம்பிஏ சேரணும். சேலத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரி, ஐந்து ரோட்டில் வைத்திருக்கும் பலகையில் "ஏஏசிஎஸ்பி உறுப்பினர், சர்வதேசத் தரம், 90% வேலைவாய்ப்பு" என்று போட்டிருக்கிறது. கல்லூரிகளை மதிப்பிடும் நாக் அமைப்பின் தரமும் உண்டு. இதில் எதை நம்பலாம், எப்படிச் சரிபார்ப்பது?

பதில் 1 – கல்லூரித் தர ஆவணப் பணி

ஏஏசிஎஸ்பி, வணிகக் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் தரும் சர்வதேச அமைப்பு. அதில் உறுப்பினர் வேறு, அங்கீகாரம் வேறு தம்பி. சந்தா கட்டினால் உறுப்பினர் ஆகலாம். அங்கீகாரத்துக்கு அதன் பிறகுதான் வேலையே தொடங்குது. தகுதி விண்ணப்பம் ஏற்கப்படணும், வழிகாட்டி ஒருவரை நியமிப்பாங்க, சுயமதிப்பீட்டு அறிக்கை போகும், கடைசியில் வேறு கல்லூரி டீன்கள் நேரில் வந்து பார்ப்பாங்க. வருடக்கணக்கில் ஆகும். "தகுதி விண்ணப்பம் ஏற்கப்பட்டது" என்பதையும் சிலர் அங்கீகாரம் மாதிரியே அச்சடிக்கிறாங்க, கவனம்.

சிறிய கல்லூரிகள் தடுக்கி விழும் இடம் ஆசிரியர் கணக்கு. ஆசிரியர் பலத்தில் குறைந்தது 40% பேர் முனைவர் பட்டத்தோடு தொடர்ந்து ஆய்வு செய்பவர்களா இருக்கணும். வருகைப் பேராசிரியர்களை வைத்தே வகுப்பு ஓட்டுகிற இடத்தில் இது நடக்காது.

இதே மாதிரி இன்னொரு அங்கீகாரம் ஈக்விஸ். அதைக் கொடுப்பது பிரஸ்ஸல்ஸில் இருக்கும் இஎஃப்எம்டி அமைப்பு. 3 அல்லது 5 வருடத்துக்கு. லண்டனின் ஆம்பா என்ற அங்கீகார அமைப்பு எம்பிஏ மாதிரியான படிப்பைத்தான் பார்க்கும், கல்லூரி முழுவதையும் அல்ல. மூன்று அமைப்பின் தளத்திலும் பட்டியல் இருக்கு. பெயர் அங்கே இல்லையென்றால் பலகையை விட்டுடுங்க.

பதில் 2 – ஹஸ்தம்பட்டி

முதலில் உள்ளூர் ஆவணம் பாருங்க. நாக் தரம் முழுக் கல்லூரிக்கு, என்பிஏ (தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் தனித்தனிப் படிப்புக்கு. பொறியியல் துறைக்கு வாங்கிய என்பிஏவை எம்பிஏ பக்கத்தில் ஒட்டியிருந்தால் செல்லாது. சான்றிதழில் எம்பிஏ என்று இருக்கா, எந்தத் தேதி வரை என்று கேளுங்க. படிப்பு எம்பிஏவா பிஜிடிஎம்மா என்பதும் முக்கியம். எம்பிஏ என்றால் பெரியார் பல்கலையோ அண்ணா பல்கலையோ பட்டம் தரும். பிஜிடிஎம் டிப்ளமோதான், அதற்கு ஏஐசிடிஇ (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுமம்) ஒப்புதல் கட்டாயம்.

அடுத்து, கல்லூரி மத்திய அரசின் தரவரிசையான என்ஐஆர்எஃப்பில் கலந்துகொண்டிருந்தால் அதன் தரவுத்தாள் கல்லூரித் தளத்திலேயே இருக்கணும். சேர்ந்தவர், உரிய காலத்தில் தேறியவர், வேலை பெற்றவர், சம்பளத்தின் இடைநிலை மதிப்பு (வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது) எல்லாம் வருடவாரியா இருக்கும். உதாரணமா 120 பேர் சேர்ந்து, 96 பேர் தேறி, 54 பேருக்கு வேலை என்று வைப்போம். "வேலைக்குப் பதிவு செய்த 60 பேரில் 54" என்று கணக்குப் போட்டால் 90% வரும். சேர்ந்தவர்களை வைத்துப் பார்த்தால் 45%தான். "அதிகபட்ச சம்பளம்" ஒரே ஒரு பையனோடது. இடைநிலை மதிப்பைத்தான் பார்க்கணும்.

ஒன்று மட்டும் நியாயமா சொல்லணும். செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கடைக்கோ வீட்டு ஜவ்வரிசி ஆலைக்கோ திரும்பிப் போகிற பிள்ளைகளுக்கு அந்தத் தாளில் தனிக் கட்டம் கிடையாது. நம்ம ஊர்க் கல்லூரிகளில் வேலை எண்ணிக்கை குறைவாத் தெரிய அதுவும் காரணமா இருக்கலாம். துறைத் தலைவரிடம் நேரில் கேளுங்க.

அம்மாபேட்டை வாசி

நன்றி சார். அப்போ உலகத் தரவரிசை?

பதில் 3 – ஏற்காடு அடிவாரம்

ஃபைனான்சியல் டைம்ஸ் எம்பிஏ பட்டியலில் நுழையவே ஏஏசிஎஸ்பி அல்லது ஈக்விஸ் வேணும். படித்து முடித்து 3 வருடம் ஆன பழைய மாணவர்களிடம் கேட்டு, சம்பளத்துக்கு 16%, சம்பள உயர்வுக்கு 16% மதிப்பு தர்றாங்க. அனுபவத்தோடு படிக்க வந்தவர்களுக்கான அளவுகோல் அது. கல்லூரி முடித்த கையோடு சேர்கிற தங்கைக்குப் பொருந்தாது. என்ஐஆர்எஃப்பின் மேலாண்மைப் பிரிவில் நூற்றுக்கு கற்பித்தல் 30, ஆய்வு 30, தேர்ச்சியும் வேலையும் 20, பரவலும் சமத்துவமும் 10, கல்லூரி மேல் மற்றவர்களுக்கு இருக்கும் மதிப்பு 10. மொத்த இடத்தைப் பார்த்து மயங்காமல், தேர்ச்சி, வேலைப் பகுதியில் எவ்வளவு வாங்கியிருக்கு என்று தனியாப் பாருங்க. பலகையில் தரவரிசை போட்டு, வெளியிட்டது யார், எந்த வருடம் என்று போடவில்லையென்றால் முன்பணம் கட்டும் முன் அதை எழுத்தில் வாங்கிடுங்க.