டயாலிசிஸில் இருக்கும் அப்பாவுக்கு காஸ்ட்ரின் கூடுதல்: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்களேன்

வணக்கம். நாங்கள் பெரம்பூர். அப்பாவுக்கு 67 வயது, வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். ஒரு மாதமாக இரண்டு இட்லி உள்ளே போனதுமே நெஞ்சைத் தடவிக்கொண்டு தட்டைத் தள்ளிவிடுகிறார். ரத்தப் பரிசோதனையில் காஸ்ட்ரின் கூடுதல் என்று வந்தது. கட்டியாக இருக்குமோ என்று அம்மா அன்றிரவு தூங்கவே இல்லை.

காஸ்ட்ரின் என்பது வயிற்றில் அமிலம் சுரக்கவைக்கும் ஹார்மோன். அதை ரத்தத்திலிருந்து நீக்குவதில் சிறுநீரகத்துக்குப் பெரிய பங்கு உண்டாம். சிறுநீரகம் பழுதானால் அது ரத்தத்தில் தேங்குமாம். இன்சுலினும் அப்படித்தான் என்றார் டாக்டர். அப்பாவுக்கு ஊசி அளவைக் குறைத்தது ஏன் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஆனால் வயிற்று அமிலத்தைக் குறைக்க தினமும் போடும் பான்டோபிரசோல் மாத்திரையும் காஸ்ட்ரினைக் கூட்டுமாம். எதனால் கூடியது என்று எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி வந்ததா? மாத்திரையை நிறுத்தி மறுபடி பார்த்தார்களா, எண்டோஸ்கோபி செய்தார்களா? (டாக்டரைக் கேட்காமல் நாங்கள் எதையும் நிறுத்த மாட்டோம்.) டயாலிசிஸ் நோயாளிகளைப் பார்த்துப் பழகிய குடல் மருத்துவர் வடசென்னைப் பக்கம் இருந்தால் சொல்லுங்கள். செவ்வாய், வியாழன், சனியில்தான் அப்பாவை அழைத்துப் போக முடியும்.